ஆற்றோர மலை பற்றி எரிந்த சனிக்கிழமை

நாற்பத்தெட்டு வயதில் மனிதனுக்கு வரக்கூடிய வியாதிகள் பல. வெள்ளெழுத்து வரும், மூலம் வரும், சிலருக்குத் திடீரென்று தேவாரம் பாட வரும். எனக்குச் சித்திரம் எழுத வந்தது.

அதுவரை என் கைக்கும் கலைக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. இலங்கையில் தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் மரங்களுக்கு வரும் நோய்களைக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். பூஞ்சண வித்துக்களை உருப்பெருக்கியில் பார்த்துக் கறுப்பு மையில் வரைவேன். அது சித்திரமல்ல, சாட்சியம். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் என்னை 'மர டாக்டர் ஐயா' என்பார்கள். மனிதரைப் பார்க்கும் டாக்டருக்கு என்மேல் பொறாமை. என் நோயாளிகள் ஒருவரும் இரவில் வந்து கதவைத் தட்டுவதில்லை, செத்தாலும் உறவினர் வந்து சண்டை பிடிப்பதில்லை.

பக்கத்துத் தோட்டத்துத் துரைசானி சீமைக்குத் திரும்பியபோது சாமான்களைப் பகிர்ந்து கொடுத்தார். பியானோ அவிசாவளைக்குப் போயிற்று. நாய் கிளாக்கர் வீட்டுக்குப் போயிற்று. ஒருவருக்கும் வேண்டாத தகர வர்ணப் பெட்டி ஒன்று என் தலையில் விழுந்தது. அதற்குள் வர்ணக் கட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி அதன் பெயர் எழுதிய காகிதம் இருந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஈரமும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்து அவற்றைச் சாப்பிட்டு முடித்திருந்தன. போகட்டும், பெயர் எதற்கு, கண்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். இந்த வாக்கியத்தை வாசகர் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அது மாசி மாதம். மனைவி மகளின் பிரசவத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தாள். தட்டிக் கேட்க ஆளில்லாத வீட்டில் ஆண்பிள்ளை எதையும் தொடங்குவான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஏறிப்போகும் ரப்பர் மலையை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வானத்துக்கு ஒரு கட்டி, மண்ணுக்கு ஒரு கட்டி, இலைக்கு ஒரு கட்டி எடுத்துக்கொண்டேன். மூன்று ஞாயிறு போராடி முடித்து, அந்தப் பகுதிப் பெரிய கங்காணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனிதர் படத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, அப்படியே இருக்குங்க! அந்த எல இந்தா உதுருது உதுருதுன்னு நிக்குது பாருங்க. கையில தொட்டா ஒட்டிக்கிடும் போல இருக்குங்க."

வேறு என்ன வேண்டும்? அன்றிலிருந்து நான் ஓவியன். முடியைக் கொஞ்சம் வளரவிட்டேன். வழியில் நின்று ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி மலைகளை அளந்தேன். பால் வெட்டப் போகும் பெண்கள், மர டாக்டருக்குக் காற்றுக் கறுப்புப் பட்டுவிட்டது என்று ஒதுங்கி நடந்தார்கள்.

ஆனி மாதம், நல்ல மழைக்காலத்தில், அதே மலையை மறுபடி எழுதினேன். இம்முறை பெரிய காகிதம். இலைக்கு எந்தக் கட்டி என்பது எனக்கு மனப்பாடம். மாசியில் பாராட்டு வாங்கித் தந்த கட்டி அல்லவா? இப்போது இலை அடர்த்தி, எனவே அதையே கெட்டியாகக் குழைத்து அப்பினேன். சனிக்கிழமை பின்னேரம் படம் முடிந்தது. ஊரிலிருந்து திரும்பியிருந்த மனைவி தேநீர்க் கோப்பையோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ! இஞ்சருங்கோ, காடு பத்துது!"

நான் பதறி எழும்பினேன். தேநீர் என் மடியில் ஊற்றுண்டது. "எங்கே? எந்தப் பக்கம்?"

"உதிலைதான். உங்கடை படத்திலை. நெருப்புப் பிடிச்ச காட்டை ஏன் கீறினனீங்கள்?"

"நெருப்பா? இது ஆற்றோர மலை. பச்சைப் பசேலென்று நிற்கிறது தெரியவில்லையா உமக்கு?"

"பச்சையோ? அப்பா, இது ரத்தச் சிவப்பு. கீழை கிடக்கிற மண்தான் பச்சை. உங்களுக்கென்ன விசரோ?"

என் மனைவி குறும்புக்காரி. என்னிடம் வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் இப்படிச் சொல்வது முதல் தடவையும் அல்ல. எங்கள் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையை முதன்முதல் கண்ட அன்றே, "துரை ஒரு காலிலை சிவப்புக் காலுறையும் மற்றக் காலிலை பச்சைக் காலுறையும் போட்டிருக்கிறார்" என்று சிரித்தாள். இரண்டும் ஒரே நிறம்தான், உமக்குக் கண்ணாடி போடும் வயது வந்துவிட்டது என்று நான் கண்டித்தேன்.

சாட்சிக்குக் கங்காணியைக் கூப்பிட்டேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தின் முன் நின்றார்.

"நல்லா இருக்குங்க ஐயா. மாசி மாசம் மாதிரி இருக்குங்க."

"இது ஆனி மாதம் கங்காணி."

"ஆமாங்க. ஐயா முன்கூட்டியே எழுதிட்டீங்க போல."

"உள்ளதைச் சொல்லும். இலை என்ன நிறம்?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டி உத்தரவு கொடுத்தாள்.

"ஐயா கேக்குறதால சொல்றேங்க. சேவக் கொண்டை மாதிரி செவப்பா இருக்குங்க. மாசியில எல உதுர முந்தி செவக்குமில்லீங்களா, அப்ப ஐயா எழுதுனது அச்சா சரியா இருந்துச்சி. இது..."

"மாசியில் ரப்பர் இலை சிவக்குமா?"

இதைக் கேட்டது யார் தெரியுமா? இருபது வருடமாக ரப்பர் மரத்தின் சோற்றைத் தின்கிற விஞ்ஞானி. 'இலைகள் உதிருமுன் சிவப்பாகும்' என்று வருடா வருடம் அறிக்கையில் எழுதுகிற அதே மனிதன். எழுதினேன், உண்மை. காசிக்குப் போகாதவன் காசியைப் பற்றி எழுதுவதுபோல எழுதியிருக்கிறேன். இலைக்கு எந்தக் காலத்திலும் எனக்குத் தெரிந்தது ஒரே நிறம். அதற்குப் பச்சை என்று ஊரார் பெயர் வைத்திருந்தார்கள். மாசியில் அதையே சிவப்பு என்றார்கள். ஏதோ சம்பிரதாயம் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கோளாறு பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். ரயில்வேயில் ஆள் எடுக்கும்போது நூல் கட்டுகளைக் கொடுத்து நிறம் பிரிக்கச் சொல்வார்கள், சிலருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே ஒருநாள் முழுக்க விரிவுரை செய்தவன் நான். 'பாவம், அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்' என்று நாக்கைச் சப்புக்கொட்டியும் இருக்கிறேன்.

மனைவியின் பூவேலை நூல்களைக் கொண்டுவரச் சொன்னேன். பச்சையெல்லாம் ஒரு பக்கம், சிவப்பெல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தேன். மிகவும் நிதானமாக, விஞ்ஞான முறைப்படி வைத்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் பச்சைக் குவியலிலிருந்து சிவப்பு நூல்களையும் சிவப்புக் குவியலிலிருந்து பச்சை நூல்களையும் உருவி என் முன்னே போட்டாள்.

"அப்ப என்ரை கூறைச் சீலை என்ன நிறம்?" என்றாள் கடைசியாக.

"அரக்குச் சிவப்பு."

"அது எப்பிடித் தெரியும்?"

"உம்முடைய அம்மா சொன்னவ."

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்குப் போய் எந்தச் சேலையை எடுக்கலாம் என்று அவள் கேட்டால், "இரண்டும் நல்லாய்த்தான் இருக்கு, விருப்பமானதை எடும்" என்று நான் சொல்வது வழக்கம். ஊரிலே எந்தப் புருஷனுக்கு இந்தப் பெருந்தன்மை வரும் என்று தன் தங்கைமாரிடம் பெருமை பேசியிருக்கிறாள். ஒரே பின்னேரத்தில் ஓவியன் போனான், அவனோடு உத்தம புருஷனும் போனான்.

போனவை இவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டுப் படுத்திருப்பேன். நூல்களை அள்ளிப் பெட்டியில் போடும்போதுதான் இடி விழுந்தது.

ரப்பர் மரத்தில் பட்டை அழுகல் என்றொரு நோய் உண்டு. மேற்பட்டையைக் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரமென்றால் அடியில் பச்சை தெரியும். நோய் கண்ட மரமென்றால் கருஞ்சிவப்பு. ஆங்கிலத்தில் அந்த நோய்க்கு ஒரு சிவப்புத் திராட்சை மதுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நான் சைவப் பழம். மதுவைக் கண்ணால் கண்டது ஒரேயொரு முறை, துரையின் மேசையில், கண்ணாடிக் குடுவையில். கறுப்பாகத் தெரிந்தது. பட்டையும் கறுப்பாகத் தெரிந்தது. ஆகா, பொருத்தமான பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டேன்.

சந்தேகமான மரத்தின் பட்டையை உருப்பெருக்கியில் வைக்கலாம். மழையில் மலை முழுவதும் ஏறி இறங்கும்போது கத்தியும் கண்ணும்தான் துணை. அந்த வாரம்தான் ஆற்றோர மலையைச் சுரண்டிப் பார்த்து, வெட்டி எரிக்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு வளையம் பூசச் சொல்லியிருந்தேன். கோடாலிகள் திங்கட்கிழமை காலை வருகின்றன. ஒரு ரப்பர் மரம் கன்றிலிருந்து பால் தரும் அளவுக்கு வர ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை உள்ள காலம் பிடிக்கும். வெட்டியதை யாரும் ஒட்ட முடியாது.

"கங்காணி, நாளைக்குக் காலை கத்தியோடு வாரும்" என்றேன். மனைவி பக்கம் திரும்பி, "நீரும் வாரும்" என்றேன்.

"நானோ? மலைக்கோ? அட்டை கடிக்கும்!"

"என் உத்தியோகத்தையே கடிக்கிறது. வாரும்."

ஞாயிறு காலை என் மனைவி ரப்பர் மலை ஏறினாள். ஒரு கையில் குடை, மறு கையில் அட்டை ஏறாமல் காலில் தேய்க்கச் சவர்க்காரத் துண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். வழி நெடுக அட்டையையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் செய்தது இதுதான். கங்காணி சுரண்டுவார். நான் முதலில் என் தீர்ப்பைச் சொல்வேன். பிறகு அவள் நிறத்தைச் சொல்வாள்.

மேல் வரிசைகளில் எல்லாம் ஒத்துப் போயிற்று. நான் "நோய்" என்றால் அவள் "சிவப்பு" என்பாள். நான் "சுகம்" என்றால் அவள் "பச்சை" என்பாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிறம் தெரியாமல் எப்படிச் சரியாகச் சொல்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

"நீங்கள் பாக்கேல்லை. மணக்கிறியள்."

உண்மை. ஒவ்வொரு மரத்திலும் கண்ணைக் கிட்டக் கொண்டுபோவதாக நினைத்து மூக்கைத்தான் கொண்டுபோயிருக்கிறேன். அழுகின பட்டைக்கு ஒரு புளித்த நாற்றம் உண்டு. அத்தனை வருடமும் வேலை பார்த்தது என் மூக்கு. பெயர் வாங்கியது கண்.

அப்படியே சிரித்துக்கொண்டு ஆற்றை ஒட்டிய கடைசி வரிசைகளுக்கு இறங்கினோம். முந்திய வாரம் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. சேறும் செத்த மீனும் அழுகின இலையுமாக அந்த இடமே நாறியது. அங்கே நின்ற மரங்கள் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு வளையம் இருந்தது. கங்காணி சுரண்டினார். எனக்கு எல்லாப் பட்டையையும்போலக் கறுப்பாய்த் தெரிந்தது. நாற்றமும் வந்தது.

"நோய்" என்றேன்.

"பச்சை" என்றாள்.

"வடிவாய்ப் பாரும்."

"வடிவாய்த்தான் பாக்கிறன். முத்தின வாழையிலை மாதிரி நல்ல கரும்பச்சை."

அடுத்த மரம் பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. அந்த வரிசை முடியும்வரை பச்சை. நான் நாற்றத்தைக் கண்டு தீர்ப்பு எழுதியிருக்கிறேன். நாறியது ஆறு, சாகப் போனது மரம்.

"கங்காணி! அன்றைக்கும் நீர்தானே சுரண்டினீர்? பச்சையாய் இருக்கிறதைக் கண்டும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

"அய்யய்யோ, நான் என்னத்தங்க கண்டேன்! வெளிய பச்சையா இருந்தாலும் உள்ளுக்குள்ள நோவு இருக்கும், அது படிச்சவுங்க கண்ணுக்குத்தான் தெரியும்னு இருந்தேங்க."

மனைவி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். குடை குலுங்கியது.

பின்னேரம் தேநீர் வேளைக்குத் துரை பங்களாவுக்குப் போனேன். உத்தியோகம் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிறம் தெரியாத பட்டைப் பரிசோதகனை எந்தத் தோட்டம் வைத்துக்கொள்ளும்? செவிட்டு நாதஸ்வரக்காரனை யார் கலியாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? வாயால் சொல்ல வெட்கமாக இருந்தபடியால் படத்தைக் கக்கத்தில் கொண்டுபோனேன். படத்தைக் கண்டால் துரை "இதென்ன, நெருப்பா?" என்று கேட்பார். மிச்சத்தை அங்கிருந்து சொல்லலாம். இதுதான் என் திட்டம்.

துரை படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"ஆற்றோர மலை!" என்றார். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான்; தமிழில் தருகிறேன். "அற்புதம், டாக்டர். மழைக்காலத்து இலை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. இங்கே வருகிற சீமைப் பெண்கள் வரையும் படங்களில் எந்த மரமும் எனக்கு மரமாகத் தெரிவதில்லை. முதல் தடவையாக ஒருவர் சரியாக எழுதியிருக்கிறார்."

என் பார்வை தானாகவே துரையின் காலுக்கு இறங்கியது. காலுறை இரண்டும் ஒரே நிறமாகத்தான் இருந்தன. எனக்கு!

"சேர்," என்றேன். "எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. நேற்றுத்தான் கண்டுபிடித்தேன்."

துரை பைப்பை மேசையில் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சரி, பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"எனக்கும் தெரியாது" என்றார்.

"சேர்?"

"இளவயதில் கடற்படையில் சேரப் போனேன். விளக்கைக் காட்டி நிறம் கேட்டார்கள். மூன்று விளக்குக்கும் ஒரே பதில் சொன்னேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் சிலோன் வந்தேன். வந்த இடத்தில் இந்தப் பாழாய்ப்போன பட்டை நோய்! என்ன நிறமென்று தெரியாமல் நான் பட்ட பாடு! யாருக்கும் சொல்லவில்லை. டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவர் கண் இருக்கும்வரை பயமில்லை என்று இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மலை மலையாக ரப்பர், அதற்குக் காவல் இரண்டு குருடர். ஒருவரை நம்பி மற்றவர் தூங்கியிருக்கிறோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றோர வரிசையைப் பற்றி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். துரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பச்சை என்று கண்டுபிடித்தது யார்?"

"என் மனைவி, சேர்."

"அவருக்கு நாளைக்கு வேலை ஏதும் உண்டா?"

திங்கட்கிழமை காலை, ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கோடாலிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். துரை தன்னுடைய பிரசித்தி பெற்ற தோட்டத் தமிழில் உத்தரவு போட்டார்: "டாக்டர் அம்மா சொல்லு, வெட்டு! அம்மா சொல்லாதே, வெட்டாதே! மர டாக்டர் சொல்லு, கேக்காதே!"

கடைசி வசனத்துக்குக் களம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? என் மனைவி குடையோடு முன்னே போனாள். கோடாலிகள் பின்னே போயின. எல்லாருக்கும் கடைசியில், அவளுடைய சவர்க்காரத் துண்டைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். மேல் வரிசையில் நோய் கண்ட மரங்கள் விழுந்தன. ஆற்றோர வரிசைக்கு வந்ததும் அவள் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதை விடுங்கோ, இதையும் விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். கங்காணி சுண்ணாம்பு வளையங்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஒரு மரத்திலும் கோடாலி படவில்லை.

"துரைக்கும் உங்களைப் போலவோ?" என்றாள் திரும்பி வரும்போது.

"ஓம்."

"நான் அண்டைக்கே காலுறையைச் சொன்னன்."

நான் குனிந்து என் காலில் ஏறிய அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்தேன்.

உத்தியோகம் போகவில்லை. மூக்கு உடையவனும் கண் உடையவளும் சேர்ந்து பார்த்தால் தப்பு வராது என்பது துரையின் முடிவு. அவள் என் வர்ணக் கட்டி ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதி ஒட்டினாள். பெயரைப் பார்த்துப் படம் எழுதினேன், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் அது யாரோ சொல்லக் கேட்டு எழுதிய சாட்சியம்போல இருந்தது. நெருப்புப் பிடித்த மலை துரையின் சாப்பாட்டு அறையில் தொங்குகிறது. வரும் விருந்தாளிகள் அதைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து, "எவ்வளவு பச்சை!" என்போம்.

இப்போது நான் வர்ணப் பெட்டியைத் திறப்பது மாசியில் மட்டும்தான். அந்த ஒரு மாதம் என் கண்ணும் உலகமும் ஒன்றுக்கொன்று பொய் சொல்வதில்லை. தை பிறந்ததிலிருந்து தினமும் காலையில் ஆற்றோர வரிசையைக் காட்டி அவளிடம் கேட்பேன்.

"சிவந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். ஒருநாள் குடையைச் சாய்த்து நன்றாகப் பார்த்துவிட்டு, "ஓம், இண்டைக்குச் சிவந்திட்டுது. போய்க் கீறுங்கோ" என்பாள். நான் ஓடிப்போய் உட்காருவேன். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். உண்மையில் அன்றைக்குத்தான் சிவந்ததா, போன வாரமே சிவந்துவிட்டதா, அல்லது இன்னும் பச்சையாகத்தான் நிற்கிறதா என்பது அவளுக்கும் அந்த மரங்களுக்கும்தான் வெளிச்சம்.